பழைய மெட்டாலிகாவைக் கண்டறியும் முறைகள்

மெட்டாலிகா ஓர் அமெரிக்க ஹெவி மெட்டல் இசைக்குழு. டிரம்ஸ் கலைஞர் லார்ஸ் உல்ரிக் ஒரு பத்திரிகையில் கொடுத்த விளம்பரத்தின் வழியாகப் பாடகரும் கிட்டார் கலைஞருமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டைக் கண்டுபிடிக்க, 1981-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் அது பிறந்தது. 2023 வரை பதினொரு ஸ்டூடியோ ஆல்பங்களை வெளியிட்டிருக்கிறது. அவற்றில் குறைந்தது மூன்று வந்தபோது, குழு தன் வேர்களுக்குத் திரும்பிவிட்டது என்று ரசிகர்களில் ஒரு பாதி கொண்டாடியது. திரும்பவே இல்லை என்று மறு பாதி அதே வாரத்தில் தீர்ப்பளித்தது. வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது. இதில் நீதிபதி கிடையாது. வந்தவர்கள் அனைவரும் வழக்கறிஞர்களே.

முதல் கேள்வி, வேர் எங்கே இருக்கிறது என்பது. இதில் நான்கு கட்சிகள் உண்டு.

முதலாவது 1982 கட்சி. அந்த ஆண்டு குழு பதிவு செய்து, கேசட்டாகக் கை மாறிக் கை மாறிப் பரவிய டெமோதான் அசல் என்பது இவர்கள் கொள்கை. அதில் கிட்டார் வாசித்த டேவ் மஸ்டேன் 1983 ஏப்ரலில் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். முதல் ஆல்பமான 'கில் எம் ஆல்' அந்த ஜூலையில்தான் வெளிவந்தது. ஆகவே இவர்கள் கணக்குப்படி, குழு தன் முதல் ஆல்பத்தை வெளியிடுவதற்கு மூன்று மாதம் முன்பே வேரை இழந்துவிட்டது. இவர்களோடு வாதாடிப் பயனில்லை. சான்றாகக் கேசட்டை எடுத்துக் காட்டுவார்கள். அதைப் போட்டுக் கேட்க யாரிடமும் டேப் ரெக்கார்டர் இருக்காது.

இரண்டாவது கிளிஃப் கட்சி. பேஸ் கிட்டார் கலைஞர் கிளிஃப் பர்ட்டனைச் சேர்த்துக்கொள்வதற்காகவே குழு லாஸ் ஏஞ்சல்ஸை விட்டு சான் ஃபிரான்சிஸ்கோ பகுதிக்குக் குடிபெயர்ந்தது. மூன்று ஆல்பங்களில் வாசித்த அவர், 1986 செப்டம்பர் 27 அன்று ஸ்வீடனில் நடந்த பேருந்து விபத்தில் 24 வயதில் இறந்தார். அதோடு ஒரு காலம் முடிந்தது என்று இவர்கள் சொல்லும்போது மற்றக் கட்சியினரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அவருக்குப் பின் வந்த ஜேசன் நியூஸ்டட் வாசித்த 1988-ஆம் ஆண்டு ஆல்பத்தில் பேஸ் கிட்டார் ஏறக்குறைய காதில் விழுவதே இல்லை. சில ரசிகர்கள் தாங்களே பேஸைக் கூட்டிப் புதுப் பதிப்புகளைச் செய்து சுற்றில் விட்டார்கள். 2018-இல் அந்த ஆல்பம் மெருகேற்றி மறுபடி வெளியிடப்பட்டபோதும் பேஸ் உயரவில்லை. வரலாற்றைத் திருத்தக் கூடாது என்பதில் குழு உறுதியாக இருந்தது.

மூன்றாவது 1991 கட்சி. கறுப்பு அட்டையோடு வந்த ஐந்தாவது ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடியே அறுபது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. பெரும்பாலான மக்களுக்கு மெட்டாலிகா அறிமுகமானதே இதில்தான். ஆகவே இதுவே பெரிய கட்சி. மற்ற மூன்று கட்சிகளும் இதை மதிப்பதில்லை என்பதற்கும் அதுவே காரணம்.

நான்காவது வரலாற்றாசிரியர் கட்சி. உல்ரிக் பதின்பருவத்தில் இங்கிலாந்துக்கே போய் டைமண்ட் ஹெட் என்ற குழுவின் பின்னால் சுற்றியவர். 1982 மார்ச்சில் மெட்டாலிகா முதன்முதலாக மேடையேறியபோது வாசித்தவற்றில் பெரும்பாலானவை மற்றவர்களின் பாடல்கள். டைமண்ட் ஹெட் பாடல்களே அதிகம். எனவே மெட்டாலிகா உண்மையிலேயே வேருக்குத் திரும்ப வேண்டுமானால், தன் பாடல்களை விட்டுவிட்டு டைமண்ட் ஹெட்டின் பாடல்களைத்தான் வாசிக்க வேண்டும். தர்க்கத்தில் ஓட்டையே இல்லாத கட்சி இது ஒன்றுதான். இதில் உறுப்பினர்களும் அதிகம் இல்லை.

வேர் எது என்பது முடிவாகாவிட்டாலும், குழு அதைவிட்டு எப்போது விலகியது என்பதற்குத் தேதிவாரியாகக் குற்றப்பத்திரிகை உண்டு. முதல் குற்றம் 1984. இரண்டாவது ஆல்பத்தில் 'ஃபேட் டு பிளாக்' என்ற பாடல் அக்கூஸ்டிக் கிட்டாரில் மென்மையாகத் தொடங்கியது. முதல் ஆல்பம் வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அதற்குள் குழு விலைபோய்விட்டது என்ற கூக்குரல் எழுந்தது. அன்று துரோகத்தின் அடையாளமாக இருந்த அந்தப் பாடல், இன்று பழைய மெட்டாலிகாவின் பெருமையைச் சொல்லும்போது முதல் வரிசையில் வைக்கப்படுகிறது. துரோகத்துக்கும் மரபுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இல்லை. இருபது வருடம் பொறுத்தால் போதும்.

அடுத்த குற்றம் 1989. வீடியோவே எடுப்பதில்லை என்று இருந்த குழு 'ஒன்' பாடலுக்கு வீடியோ வெளியிட்டது. 1991 ஆல்பத்துக்கு பாப் ராக் என்பவர் தயாரிப்பாளராக வந்தார். பாடல்கள் சுருங்கின, வேகம் இறங்கியது. 1996-இல் வந்த 'லோட்' ஆல்பத்தின்போது நால்வரும் தலைமுடியை வெட்டிக்கொண்டார்கள். இது எல்லாக் குற்றங்களிலும் கொடியது. அந்த ஆல்பம் ஏறத்தாழ 79 நிமிடம் ஓடுகிறது. கேட்டு முடித்துக் கருத்துச் சொல்லப் பொறுமை வேண்டும். முடியைப் பற்றிக் கருத்துச் சொல்ல, உள்ளே இருந்த படங்களைப் புரட்டினால் போதும். ஆகவே அந்த ஆண்டு ராக் விமரிசனத்தில் பெரும்பகுதியை முடிதிருத்தும் கலை எடுத்துக்கொண்டது.

2003-இல் 'செயின்ட் ஆங்கர்' வந்தது. மெருகும் பாலிஷும் வேண்டாம், கரடுமுரடாக இருக்கட்டும் என்று குழு முடிவு செய்திருந்தது. கிட்டார் சோலோ ஒன்றுகூட இல்லை. ஸ்நேர் டிரம்மின் அடியில் இருக்கும் கம்பிகளைத் தளர்த்திவிட்டு உல்ரிக் வாசித்ததால், பித்தளைக் குடத்தைக் கரண்டியால் தட்டுவது போன்ற ஓர் ஓசை எழுபத்தைந்து நிமிடம் தொடர்ந்து ஒலித்தது. பத்து வருடமாகப் பச்சையான இசை வேண்டும் என்று கேட்டவர்களே, இவ்வளவு பச்சையாகவா என்று கேட்டார்கள். பின்னாளில் சில இசைக்கலைஞர்கள் மொத்த ஆல்பத்தையும் தாங்களே வாசித்துத் திருத்திப் பதிவு செய்து வெளியிட்டார்கள். ரசிகர் ஒரு படி மேலே போய்த் தயாரிப்பாளராகிவிட்ட நிகழ்ச்சி இது.

இந்தப் பின்னணியில்தான் 2008 செப்டம்பரில் 'டெத் மேக்னடிக்' வெளியானது. வேருக்குத் திரும்பும் வழக்கின் தலைமை விசாரணை இதுவே. பாப் ராக் போய், ரிக் ரூபின் தயாரிப்பாளராக வந்திருந்தார். எண்பதுகளில் இருந்த மனநிலைக்குப் போய்ப் பாருங்கள் என்பது அவர் சொன்ன அறிவுரை. குழு அதை மனப்பூர்வமாக ஏற்றுக்கொண்டது. எவ்வளவு மனப்பூர்வமாக என்பதை ரசிகர்கள் அட்டவணை போட்டுக் கண்டுபிடித்தார்கள்.

1984, 1986, 1988 ஆகிய மூன்று ஆல்பங்களிலும் நான்காவது பாடல் மெதுவாகத் தொடங்கி, போகப்போக வேகம் பிடித்து, கிட்டார் வெள்ளத்தில் முடிவது. 'டெத் மேக்னடிக்'கிலும் நான்காவது பாடல் அப்படியே இருந்தது. 1986, 1988 ஆல்பங்களில் கடைசிக்கு முந்தையது நீண்ட வாத்திய இசை. இருபது வருடம் கழித்து அது அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. இறுதிப் பாடல் அந்த இரண்டிலும் அசுர வேகம். இதிலும் அசுர வேகம். சோலோக்கள் திரும்பின. பாடல்கள் ஏழு, எட்டு நிமிடத்துக்கு நீண்டன. அட்டையில் குழுவின் பெயர்கூடப் பழைய கூர்முனை எழுத்துகளுக்குத் திரும்பியது.

திரும்பியாயிற்று என்றது ஒரு தரப்பு. இது திரும்புதல் அல்ல, படிவம் நிரப்புதல் என்றது மறுதரப்பு. 1986-இல் நான்காவது இடத்தில் அந்தப் பாடலை வைத்தவர்களுக்கு அது நான்காவது இடம் என்று தெரியாது. 2008-இல் தெரியும் என்பது அவர்கள் வாதம். இதற்குப் பதிலாக முதல் தரப்பு டெம்போவை எண்களில் காட்டியது. மறுதரப்பு, ஆல்பத்தில் 'தி அன்ஃபர்கிவன்' என்ற பாடலின் மூன்றாம் பாகம் இருப்பதைச் சுட்டிக்காட்டியது. அதன் முதல் பாகம் வந்தது 1991-இல். வேருக்குத் திரும்புகிற வழியில் குழு அந்தக் கறுப்பு ஆல்பத்தில் இறங்கி ஒரு காபி குடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இந்த விசாரணையில் அளந்து பார்க்கக்கூடிய ஒரே விஷயம் ஒலியளவு. ஒரு பதிவில் மெல்லிய பகுதிகளையும் உரத்த பகுதிகளையும் ஒரே உயரத்துக்கு அமுக்கிவிட்டால் மொத்தமும் சத்தமாகக் கேட்கும். ஆனால் இசைக்கு மூச்சுவிட இடம் இருக்காது, உச்சத்தில் ஒலி உடைந்து கரகரக்கும். 'டெத் மேக்னடிக்' அந்த அளவுக்கு அமுக்கப்பட்டிருந்தது. இதே பாடல்கள் 'கிட்டார் ஹீரோ' என்ற வீடியோ கேமிலும் வந்தன. அதில் அமுக்கல் குறைவு. டிரம்ஸ் டிரம்ஸாகவே கேட்டது. காசு கொடுத்து சிடி வாங்கி, நல்ல ஸ்பீக்கரில் போட்டுக் கண்மூடி உட்கார்ந்த ரசிகரைவிட, பிளாஸ்டிக் கிட்டாரில் கலர் பொத்தான் அமுக்கிய பையன் நல்ல ஒலியில் கேட்டான். ஆல்பத்தை மறுபடி மிக்ஸ் செய்யக் கோரிப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன், தன்னிடம் வந்தபோதே அது அமுக்கப்பட்டுத்தான் இருந்தது என்றார். உல்ரிக் ஒலியை ஆதரித்தே பேசினார்.

ஒவ்வொரு புது ஆல்பத்துக்கும் விவாதம் ஒரே ஒழுங்கில் நடக்கிறது. முதல் பாடல் வெளியாகும் நாளில், எட்டு நிமிடப் பாடலைப் பற்றிய முழுத் தீர்ப்பு மூன்றாம் நிமிடத்தில் வந்துவிடும். ஆல்பம் வந்த வாரத்தில், '1988-க்குப் பிறகு இதுதான் சிறந்தது' என்ற வாக்கியம் புழக்கத்துக்கு வரும். இதே வாக்கியம் முந்தைய ஆல்பத்துக்கும் சொல்லப்பட்டது என்பதை யாரும் நினைவூட்ட மாட்டார்கள். ஒரு மாதத்தில், டிரம்ஸ் பற்றிய புகார்கள் தனி இலாகாவாகப் பிரியும். அடுத்த ஆல்பம் வந்ததும், முந்தையதில்தான் உண்மையான ஆவேசம் இருந்தது என்று தெரியவரும். ஆக, ஒரு ஆல்பம் வேருக்குத் திரும்பியதா என்பதை முடிவு செய்ய, அதற்கு அடுத்த ஆல்பம் தேவைப்படுகிறது.

எல்லாக் கட்சிகளும் ஒரே குரலில் பேசியது ஒரே ஒருமுறை. 2011-இல் ராக் பாடகர் லூ ரீடுடன் சேர்ந்து மெட்டாலிகா 'லூலூ' என்ற ஆல்பத்தை வெளியிட்டது. ஜெர்மன் நாடகாசிரியர் ஃபிராங்க் வெடெகிண்டின் நாடகங்களைத் தழுவியது. 1982 கட்சியும் 1991 கட்சியும் கைகோத்துக் கண்டித்த அந்த ஒற்றுமை, வேறு எந்த ஆல்பத்துக்கும் வாய்க்கவில்லை.

2016-இல் 'ஹார்ட்வயர்டு', 2023-இல் '72 சீசன்ஸ்'. இரண்டுக்கும் முன்னோட்டமாக மூன்று நிமிடத்தை ஒட்டிய ஒரு வேகப் பாடல் வெளியிடப்பட்டது. இரண்டு முறையும் 1983 திரும்பிவிட்டது என்ற ஆரவாரம் எழுந்தது. பிறகு முழு ஆல்பம் வந்தது. இரண்டும் தலா 77 நிமிடம். 1983-இன் முதல் ஆல்பம் 51 நிமிடம்.

'72 சீசன்ஸ்' என்ற தலைப்பு ஒரு மனிதரின் முதல் பதினெட்டு வருடங்களைக் குறிக்கிறது. வருடத்துக்கு நான்கு பருவம் என்று கணக்கு. அந்தக் காலத்தில் உருவானதோடுதான் மனிதர் மீதி வாழ்நாளைக் கழிக்கிறார் என்பது ஹெட்ஃபீல்டின் கருத்து. அவர் தன்னைப் பற்றிச் சொன்னார். ஆனால் வழக்கின் திறவுகோல் அதில் இருக்கிறது. ஒருவர் எந்த ஆல்பத்தை வேர் என்கிறார் என்று கேட்டு, அது வெளிவந்த ஆண்டில் அவருக்கு என்ன வயது என்று கணக்குப் போட்டால், பெரும்பாலும் பதினைந்துக்கு அக்கம்பக்கத்தில் வரும். 1996-இல் பள்ளியில் படித்தவர்கள் வளர்ந்து பேசத் தொடங்கியதும், முடி வெட்டிய 'லோட்' ஆல்பத்துக்கே இப்போது மதிப்பு ஏறிவருகிறது. 2022-இல் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' பாடல் ஒலித்தபோது, 36 வருடப் பழைய அந்தப் பாடலைக் கேட்டுப் பதின்வயதினர் புதிதாகக் கூட்டம் சேர்ந்தார்கள். பழைய ரசிகர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. குழு அந்தப் பிள்ளைகளை வரவேற்றது. இன்னும் முப்பது வருடத்தில், உண்மையான மெட்டாலிகா 2022 மெட்டாலிகாதான் என்று அவர்களே தீர்ப்பு வழங்குவார்கள்.

ஆகவே கிடைக்கும் சான்றுகளை வைத்துச் சொல்லக்கூடியது இவ்வளவே. பாடல்களின் அமைப்பு, நீளம், சோலோ ஆகியவற்றில் மெட்டாலிகா 2008-இல் 1988 வரை பின்னால் போய்விட்டது, ஒலிப்பதிவில் போகவில்லை. 1983-க்கு எப்போதும் போக முடியாது. 'கில் எம் ஆல்' வந்தபோது ஹெட்ஃபீல்டுக்கு இருபது வயது முடிய ஒன்பது நாள் இருந்தது. ஆல்பம் போட நியூயார்க் போனபோது குழு ஒத்திகைக் கட்டடத்திலேயே படுத்துத் தூங்கியது. அந்த வயதையும் அந்தப் பசியையும் எந்தத் தயாரிப்பாளராலும் ஏற்பாடு செய்து தர முடியாது. கேட்பவருக்குப் பதினைந்து வயதைத் திருப்பித் தரவும் முடியாது. பழைய மெட்டாலிகா வேண்டும் என்பவர்களுக்கு 1986-ஆம் ஆண்டின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' இன்றும் விற்பனையில் கிடைக்கிறது. மொத்தம் 54 நிமிடம். நான்காவது பாடல் நான்காவது இடத்திலேயே இருக்கிறது.