உலைக்கு முன்னால் ஒரு சூலக்கரைக்காரன்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்திக்கு மூட்டுவலி தேவலையா? இங்கே ரோச்செஸ்டரில் முழங்கால் மட்டத்துக்குப் பனி கிடக்கிறது. ஒன்டாரியோ ஏரிப் பக்கமிருந்து காற்று கிளம்பினால் நவம்பரில் ஆரம்பித்து ஏப்ரல் வரை ஆளை விடாது. வேட்டியை நினைத்தாலே கால் விறைக்கிறது.

நான் கண்ணாடி ஊதப் பழகுகிறேன் என்று தம்பி சொல்லப்போய், "ஐயோ, வேலை போயிருச்சா?" என்று சித்தி கண்ணைக் கசக்கினார்களாமே. வேலை இருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் வழக்கம்போல் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். சனிக்கிழமை மட்டும் ஒரு பட்டறைக்குப் போய், உலை முன்னால் நின்று வேர்த்து வடிந்து, காசும் கொடுத்துவிட்டு வருகிறேன். வாங்குவதில்லை, கொடுக்கிறேன். சித்திக்குப் புரியாத இடம் இதுதான் என்று தெரியும். எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். ரூபாயில் பெருக்கிப் பார்த்த அன்றைக்கு உங்கள் மருமகள் என்னோடு பேசவில்லை.

அக்னி நட்சத்திரத்துக்குப் பயந்து அமெரிக்காவுக்கு ஓடி வந்தவன் நான். கந்தக பூமியில் இருபத்துச் சொச்சம் வருஷம் வெந்தது போதும் என்றுதான் விமானம் ஏறினேன். இப்போது பனிக்குள் கார் ஓட்டிக்கொண்டு போய், 1,100 டிகிரிக்கு மேல் கொதிக்கிற உலைக் கதவைத் திறந்து முகத்தைக் காட்டுகிறேன். கதவு திறந்ததும் முகத்தில் அறைகிற அந்த அனல் இருக்கிறதே, சித்தப்பா, மே மாதம் மத்தியானம் சூலக்கரை விலக்கில் பஸ்ஸுக்கு நின்ற ஞாபகம் அப்படியே வந்துவிடும். மற்றவர்கள் இரண்டு எட்டு பின்னால் போகிறார்கள். நான் போவதில்லை. வகுப்பில் என் ஒரே பெருமை அது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பட்டாசு ஆலை போர்மேனான உங்கள் வீட்டில் வளர்ந்தவன் நான், நெருப்பைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை கேட்டதில்லை. சட்டைப் பையில் தீப்பெட்டியோ செல்போனோ இருந்தால் ஆலை வாசலோடு திரும்பிப் போ. நைலான் துணி ஆகாது, பருத்தி உடுத்து. இரும்புக் கரண்டி உரசினால் பொறி வரும், அலுமினியத்தை எடு. உள்ளே நுழையுமுன் செப்புத் தகட்டைத் தொடு, உடம்பிலிருக்கிற மின்சாரம் மண்ணுக்குப் போகட்டும். வெயில் ஏறுமுன் மருந்து கலந்து முடி. ஒரு அறைக்கு நாலு பேருக்கு மேல் கூடாதே. இப்படியே கேட்டு வளர்ந்த எனக்கு, பட்டறைக் கதவைத் திறந்ததும் கேஸ் அடுப்பு 'ஹோ'வென்று இரைகிற சத்தம் கேட்டு முதலில் கால் தானாகத் திரும்பியது. அந்த உலையை வருஷம் முழுக்க அணைப்பதே இல்லை. அணைத்து அணைத்து ஏற்றினால் கண்ணாடி உருகுகிற மூசை வெடித்துப்போகுமாம்.

வேலை எப்படி என்று சொல்கிறேன். நாலரை அடி எஃகுக் குழாய். அதன் நுனியைச் சிவக்கக் காய்ச்சி, உலைக்குள் விட்டுச் சுழற்றினால் கருப்பட்டிப் பாகு பதத்தில் கண்ணாடி சுற்றிக்கொண்டு வரும். வெளியே எடுத்த நொடியிலிருந்து குழாயை உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் தொங்கும், தொங்கினால் கோணும், இன்னும் விட்டால் தரைக்கு வந்துவிடும். மூக்கு அரித்தாலும் உருட்டு, போன் அடித்தாலும் உருட்டு. எங்கள் வாத்தியாரம்மாவுக்கு அறுபது வயதிருக்கும், இரண்டு கை நிறையப் பச்சை குத்தியிருக்கிறார். பாதி வகுப்புக்கு அவர் சொல்வது "உருட்டு" என்ற ஒரு வார்த்தைதான்.

ஊதுவது என்றால் நாதஸ்வரம் மாதிரி கன்னம் உப்ப ஊதுவது என்று நினைத்திருந்தேன். கிடையாது. மெல்ல ஒரு மூச்சு விட்டுக் கட்டைவிரலால் குழாய் வாயை அடைத்துவிட வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்ட காற்று சூட்டில் விரிந்து தானே குமிழியாகிவிடும். நாம் தொடங்கி வைத்தால் போதும், மீதியை நெருப்பு ஊதிக்கொள்கிறது. வாய் வைக்கிற முனை சுடாதா என்று கேட்பீர்கள். எஃகில் சூடு அவ்வளவு தூரம் சீக்கிரம் ஏறி வராது. இருந்தாலும் வாய் வைக்குமுன் எந்த முனை என்று இன்னும் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.

எனக்குப் பிடித்த சமாசாரம் பேப்பர்தான். நாளிதழை உள்ளங்கை அளவுக்கு மடித்துத் தண்ணீரில் ஊறப் போட்டிருப்பார்கள். அதைக் கையில் ஏந்தி, சிவந்த கண்ணாடியை அதன்மேல் வைத்து உருட்டி உருவம் கொண்டுவர வேண்டும். கைக்கும் கண்ணாடிக்கும் நடுவே அந்த ஈரப் பேப்பர் மட்டும்தான். ஆவி கிளம்பும், ஓரம் கருகும், கருகிய துகள் பறக்கும், ஆனால் கை சுடாது. மினுமினுப்புத் தாள் உதவாது, சாதா நாளிதழ்தான் வேண்டும். இவர்கள் நியூயார்க் டைம்ஸை எரிக்கிறார்கள். அடுத்த தடவை யாராவது வந்தால் நம் பேப்பர் கொஞ்சம் கொடுத்துவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை இணைப்பு வேண்டாம்.

நிறம் விஷயத்தில் உங்களுக்கும் எனக்கும் ஒரு மணி நேரம் பேச்சு இருக்கிறது. நம் பக்கம் வானத்தில் நீலம் வேண்டுமென்றால் தாமிர உப்பு. இங்கே அதே தாமிரத்தைக் கண்ணாடியில் போட்டால் மயில் கழுத்து நிறம், உலையில் காற்றைக் குறைத்தால் ரத்தச் சிவப்பு. கரு நீலத்துக்குக் கோபால்ட், ஊதாவுக்கு மாங்கனீசு, ரோஜாச் சிவப்புக்கு நிஜத் தங்கம். உச்ச நீதிமன்றம் 2018-இல் பட்டாசில் கூடாது என்று சொன்ன பச்சை உப்பு, அதான் பேரியம் நைட்ரேட், அந்தப் பேரியத்துக்கு இங்கே வேறு மரியாதை. கண்ணாடிக்குப் பளபளப்புக் கூட்ட அதைச் சேர்க்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால் செய்யும்போது எந்த நிறமும் தெரியாது. எல்லாம் ஒரே ஆரஞ்சுத் தணல். மறுநாள் ஆறிய பிறகுதான் நீலமா பச்சையா என்று தெரியும். திரி கிள்ளிப் பற்றவைத்த மறுநொடியே நிறம் பார்த்துப் பழகியவனுக்கு இந்த ஒரு ராத்திரி பெரிய ராத்திரி.

செய்து முடித்த சாமானை அப்படியே மேசையில் வைத்தால் மேல்தோல் ஆறிச் சுருங்கும், உள்ளே சூடு இருக்கும், இரண்டுக்கும் ஒத்துப்போகாமல் பட்டென்று பிளந்துகொள்ளும். அதனால் 500 டிகிரி வாக்கில் இருக்கிற இன்னொரு அடுப்புக்குள் வைத்து, ராத்திரி முழுக்க மெதுவாக ஆறவிடுகிறார்கள். இங்கிருந்து இரண்டு மணி நேரம் கார் ஓட்டினால் கார்னிங் என்று ஒரு ஊர். எடிசனுக்கு பல்புக் கண்ணாடி செய்துகொடுத்த ஊர் அது. கண்ணாடிக்கென்றே 1951-இல் திறந்த மியூசியம் ஒன்று இருக்கிறது. உள்ளே போனால் சுவர் மாதிரி நிற்கிறது ஒரு வட்டக் கண்ணாடி, 200 அங்குலக் குறுக்களவு, 20 டன். கலிபோர்னியாவின் பலோமார் தொலைநோக்கிக்காக 1934-இல் வார்த்தது. வார்க்கும்போது அடியில் வைத்த அச்சுக்கட்டிகள் கழன்று மிதந்துவிட்டதால் உதவாமல் போனது. அதே வருஷம் இன்னொன்று வார்த்து, அதை ஆறவிட மட்டும் பத்து மாதம். சித்தியிடம் சொல்லுங்கள், பிள்ளை பெறுகிற கணக்குத்தான். உதவாமல் போனதை உடைத்துப் போடாமல் எல்லோரும் பார்க்க மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அதை மெச்ச வேண்டும்.

என்னைப் போன்ற ஆள் சனிக்கிழமை போய் ஊதிப் பழகலாம் என்பதே புதுசுதான். 1962 வரைக்கும் இந்த வேலை தொழிற்சாலைக்குள்தான். அந்த வருஷம் ஒஹாயோவில் டொலிடோ மியூசியத்தின் கார் கொட்டகையில் ஹார்வி லிட்டில்டன் என்ற பேராசிரியர் சின்ன உலை ஒன்றை வைத்துக் காட்டினார், தனியாளும் ஊதலாம் என்று. அதற்கு முன்னால் இது தலைமுறை தலைமுறையாகப் பூட்டி வைத்த வித்தை. வெனிஸ்காரன் 1291-இல் உலைகளையெல்லாம் முரானோ தீவுக்குப் போகச் சொல்லிவிட்டான். ஊர் தீப்பிடித்துவிடும் என்ற பயம், கூடவே ரகசியமும் கரை தாண்டாது. ஆலைகளை நாம் ஊருக்கு வெளியே கருவேலங்காட்டுக்குள் வைத்திருக்கும் கணக்குத்தான்.

பட்டறையில் நம் பங்குக்கும் கொஞ்சம் அளந்துவிட்டேன். ஊதும் வித்தை சிரியா, பாலஸ்தீனப் பக்கம் சுமார் இரண்டாயிரம் வருஷம் முன்னால் பிறந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் அரிக்கமேட்டில் அந்தக் காலத்திலேயே கண்ணாடியைக் குழலாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி மணி செய்து கப்பலேற்றினார்கள் என்றேன். விருதுநகரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடக்கூடிய கீழடியிலும் கண்ணாடி மணிகள் கிடைத்திருக்கின்றன என்றேன். வாத்தியாரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உருட்டு" என்றார்.

"கத்துக்கிட்டு வந்து தொழிற்பேட்டையில ஷெட் போடப் போறியா?" என்று நீங்கள் கேட்டதாகவும் தம்பி சொன்னான். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டி வேலை கற்றுக்கொண்டு வந்து சிவகாசியையே தூக்கி நிறுத்தினார்கள். என்னை அந்த வரிசையில் வைக்காதீர்கள். இதுவரை நான் செய்ததெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்த டம்ளர்கள். விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தில் துவரம்பருப்புக்குக் கீழே அதற்கும் ஒரு வரி போட்டால் விலை தெரியும்.

ஒன்று மட்டும் இங்கே எனக்கு ஒத்துவரவில்லை. யாருடைய கண்ணாடியாவது தரையில் விழுந்து சிதறினால் பட்டறையே கைதட்டுகிறது. ஆளைத் தேற்றத்தான், தெரியும். ஆனால் விழுகிற சத்தம் கேட்டதும் எனக்கு வயிறு பிசைகிறது. ஆமத்தூர்ப் பக்கம் 'டொம்' என்று கேட்டால் நம் தெருவில் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் வாசலுக்கு ஓடி வந்து, எந்த ஆலை, யார் வீட்டுப் பொம்பிளை அங்கே வேலைக்குப் போகிறாள் என்று கேட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்து வளர்ந்தவன். கைதட்ட எனக்குக் கை வரமாட்டேன் என்கிறது. இந்த ஊரில் நெருப்பு சனிக்கிழமை விளையாட்டு. நம் ஊரில் அது வாரக் கூலி.

பட்டறையில் ஓடக் கூடாது, சூடான குழாயோடு ஒருத்தர் பின்னால் போனால் குரல் கொடுக்க வேண்டும், பருத்தி உடுத்த வேண்டும், கண் கைவேலையை விட்டு நகரக் கூடாது. இதையெல்லாம் மற்றவர்களுக்குப் பல தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்குச் சொல்லவே வேண்டியதில்லை. எங்கே படித்தாய் என்று வாத்தியாரம்மா கேட்டார். சித்தப்பாவிடம் என்றேன்.

பொங்கலுக்கு ஊருக்கு வரும் நண்பரிடம் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்புகிறேன். உள்ளே இருப்பது நீல டம்ளர்தான், பூச்சாடி இல்லை. கோபால்ட் போட்டது. திரும்பி வரும்போது அவரிடம் சாத்தூர் சேவு இரண்டு கிலோ கொடுத்துவிடுங்கள், காரம் குறைக்க வேண்டாம். பாசத்தில் பொட்டலத்துக்குள் சரவெடி எதையும் செருகிவிடாதீர்கள், ஏர்போர்ட்டில் அந்த மனிதரைப் பிடித்து உட்காரவைத்துவிடுவார்கள்.

டம்ளரில் மோர் குடிக்கலாம், நன்னாரி சர்பத் குடிக்கலாம். கொதிக்கக் கொதிக்கக் காபி மட்டும் ஊற்ற வேண்டாம், விரிசல் விட்டுவிடும். சித்தியிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மூத்தவர் மகன்