அப்போது கட்டம் வரைந்தோம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருச்சியில் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனவர்களில் பலருக்கும் முதல் பாடம் டிபேஸ் த்ரீ பிளஸ் என்ற தரவுத்தள மென்பொருள்தான். கறுப்புத் திரையில் ஒரு புள்ளி நிற்கும். அதன் பக்கத்தில் 'கிரியேட்' என்று அடித்துக் கோப்புக்கு ஒரு பெயர் கொடுத்தால், ஒவ்வொரு ஃபீல்டுக்கும் அது சில விவரங்கள் கேட்கும். பெயர் என்ன? வகை என்ன? எத்தனை எழுத்து அகலம்? எண் என்றால் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம்? பெயர் 10 எழுத்தைத் தாண்டக் கூடாது. எழுத்து, எண், தேதி, ஆம்-இல்லை, நீண்ட குறிப்பு என்று வகைகள் ஐந்து.

இவ்வளவையும் சொல்லிவிட்டு 'அப்பெண்ட்' என்று அடித்தால் கட்டங்கள் வரிசையாக வந்து நிற்கும். அவற்றை நாங்கள் யாரும் வரைந்திருக்க மாட்டோம். பெயருக்கு 30 எழுத்து என்று சொல்லியிருந்தால் கட்டமும் 30 எழுத்து நீளத்தில் வரும். பிப்ரவரி 30 என்று அடித்தால் தேதிக் கட்டம் ஏற்காது. அமெரிக்க வழக்கப்படி மாதம் முதலில் வரும் என்பதால் 'செட் டேட் பிரிட்டிஷ்' என்று ஒரு வரி அடித்துக்கொள்வோம், அவ்வளவுதான். நாங்கள் சொன்ன அமைப்பு முழுவதும் டிபிஎஃப் கோப்பின் தலைப்பகுதியிலேயே பதிந்திருந்தது. அதைப் படித்துத்தான் டிபேஸ் திரையை எழுப்பியது.

இன்றைக்கு வலைத்தளங்களில் நாங்கள் செய்துகொண்டிருப்பதும் அடிப்படையில் இதுதான். ஆனால் இங்கே வந்து சேர நெடுந்தூரம் சுற்ற வேண்டியிருந்தது.

வேலைக்கு வந்ததும் தானாக எழும் திரை போதவில்லை. வாடிக்கையாளர் தங்கள் பேரேட்டின் அமைப்பிலேயே திரை வேண்டும் என்றார்கள். 25 வரி, 80 பத்தி கொண்ட திரையைக் கட்டத்தாளில் வரைந்து, எந்த வரியில் எந்தப் பத்தியில் எந்தச் சொல் வர வேண்டும், எங்கே கட்டம் திறக்க வேண்டும் என்று கையால் எழுதினோம். ஒரு மருத்துவமனையின் பதிவு கவுன்ட்டருக்காக அப்படி எழுதியபோது, அங்கே பல ஆண்டுகளாகப் பேரேடு எழுதிவந்த அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"தம்பி, முதல்ல ஊரைக் கேக்கட்டும். ஊரைச் சொன்னாத்தான் ஆளு யாருன்னு எனக்குப் பிடிபடும். ஒரே பேர்ல நிறையப் பேர் வர்றாங்க. அப்புறம், பிறந்த தேதின்னு கேட்டா யோசிச்சுக்கிட்டே நிப்பாங்க. வயசைக் கேளுங்க."

திரையைக் கையால் வரையும் வேலை மெதுவானது. அந்த மெதுவான போக்கால்தான் அவர் பக்கத்தில் உட்கார நேரம் கிடைத்தது. ஒவ்வொரு கட்டத்தையும் அவரிடம் கேட்டுத்தான் வைத்தேன்.

2000க்குப் பிறகு எல்லாம் வலைக்கு வந்தது. பிஎச்பி, மைஎஸ்க்யூஎல். கைபேசி எண் என்று ஒரே ஒரு தகவலைப் புதிதாகச் சேர்க்க வேண்டும் என்றால் அதை ஐந்து இடத்தில் எழுத வேண்டும்: தரவுத்தளத்தில், எச்டிஎம்எல் படிவத்தில், உலாவியில் ஓடும் சோதனையில், சர்வரில் ஓடும் சோதனையில், அச்செடுக்கும் பக்கத்தில். ஐந்தும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்கு மனிதக் கண்ணைத் தவிர வேறு கருவி எங்களிடம் இல்லை. 2006இல் ஜான் ரெசிக் ஜேக்வெரியைத் தந்த பிறகு திரையை அசைப்பது எளிதானது. 'காப்பீடு உண்டு' என்று தேர்ந்தால் பாலிசி எண் கட்டத்தைக் காட்டு, 'இல்லை' என்றால் மறை, மறைத்தால் உள்ளே இருப்பதை அழி என்று ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு கட்டளை எழுதினோம். படிவம் வளர வளர அந்தக் கட்டளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன.

வழி இருக்கிறது என்று காட்டியவர்கள் அப்போதே இருந்தார்கள். 2003இல் வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு வெளியிட்ட எக்ஸ்ஃபார்ம்ஸ், தரவை ஒரு பக்கமும் விதிகளை ஒரு பக்கமும் கட்டங்களை ஒரு பக்கமும் பிரித்து வைத்தது; முக்கிய உலாவிகள் அதைத் தங்களுக்குள் சேர்த்துக்கொள்ளவில்லை. 2005இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரின் செய்தித்தாள் அலுவலகத்திலிருந்து ஜாங்கோ வெளிவந்தது. தரவின் அமைப்பைப் பைத்தானில் ஒருமுறை எழுதினால் போதும். பதிவிட, திருத்த, தேட வேண்டிய நிர்வாகத் திரைகளை அதுவே உருவாக்கிவிடும். 'அப்பெண்ட்' கட்டளையை வலையில் மறுபடி பார்த்தது போலிருந்தது எனக்கு.

பெரிய திருப்பம் 2013இல் ஃபேஸ்புக் வெளியிட்ட ரியாக்ட். திரைக்குக் கட்டளையிடாதே, தரவு இப்படி இருந்தால் திரை எப்படி இருக்க வேண்டும் என்று மட்டும் சொல். தரவு மாறினால் திரை தானே மாறிக்கொள்ளும். 1979இல் டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்ஸ்டனும் விசிகால்க்கில் காட்டியது இதைத்தான்: ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த கூட்டுத்தொகைகள் எல்லாம் அந்தக் கணமே மாறும். அந்தத் தன்மை முழுத் திரைக்கும் வந்து சேர்ந்தது.

இதோடு, தரவின் அமைப்பையும் விதிகளையும் எழுதிவைக்கும் ஜேசன் ஸ்கீமா சேர்ந்ததும் வட்டம் முழுமையானது. மொஸில்லாவில் பிறந்த ரியாக்ட் ஜேசன்ஸ்கீமா ஃபார்ம் போன்ற கருவிகளிடம் இப்போது வரையறையை மட்டும் கொடுக்கிறோம். எழுத்து என்றால் கட்டம், ஆம்-இல்லை என்றால் டிக் பெட்டி, குறித்த சில விடைகள் மட்டும் என்றால் கீழிறங்கும் பட்டியல், பல தடவை வரக்கூடியது என்றால் 'இன்னொன்று சேர்' பொத்தான். காப்பீடு இருந்தால் பாலிசி எண் கட்டாயம் என்பதும் அதே வரையறையில் ஒரு விதி. காட்டு, மறை என்று யாரும் எழுத வேண்டாம். உலாவியும் சர்வரும் ஒரே விதியை வைத்துச் சோதிக்கின்றன. ஒவ்வொரு கட்டத்தையும் அதன் பெயரோடு சரியாக இணைக்கும்படி உருவாக்கியை ஒருமுறை திருத்தினால், பார்வையற்றவரின் திரைவாசிப்பான் எல்லாப் படிவங்களையும் சரியாகப் படிக்கிறது. கையால் வரைந்த காலத்தில் இப்படி ஒரு நன்மையை எல்லாத் திரைகளுக்கும் கொண்டுபோக எங்களால் முடிந்ததில்லை.

ஆகவே பழைய காலத்துக்காக நான் ஏங்கவில்லை. என் கவலை வேறு. அச்சு கோணினால் அதில் அறுக்கிற செங்கல் அத்தனையும் கோணும். முன்பு ஒரு திரையில் ஒரு கட்டம் தவறாக இருந்தால் அந்தக் கவுன்ட்டரோடு போயிற்று. இன்று ஸ்கீமாவில் ஒரு வரி தவறானால் வலைத்தளம், கைபேசிச் செயலி, அறிக்கை, பிற நிறுவனங்களோடான பரிமாற்றம் என எல்லா இடத்திலும் அதே தவறு. அதன் பாரத்தைச் சுமப்பவர் படிவம் நிரப்ப வந்தவர்.

தமிழர்களுக்கு இது அனுபவத்தில் தெரியும். முதல் பெயர் கட்டாயம், குடும்பப் பெயர் கட்டாயம் என்று ஒருவர் எங்கோ எழுதிவைத்தார். ஒற்றைப் பெயரும் தகப்பனார் பெயரின் முதலெழுத்துமாக வாழ்கிறவர்கள் அதற்கு விலை கொடுக்கிறோம். ஒற்றைப் பெயர் உள்ளவரின் அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யு' என்று அச்சாகிறது. முதல் பெயர் தெரியாது என்று அர்த்தம். பெயர் தெரியாமல் இல்லை. அந்தப் பெயருக்கு வரையறையில் இடமில்லை.

மறுபக்கமும் உண்டு. ஆதாருக்கான தகவல் தரங்களை வகுக்க 2009இல் என். விட்டல் தலைமையில் ஒரு குழு அமைந்தது. ஆதார் பதிவில் பெயருக்கு ஒரே கட்டம்தான். பிறந்த தேதிக்குச் சான்று இல்லாதவர் தாமே சொல்ல முடிந்தது. அதுவும் தெரியாதவருக்கு வயதை வைத்து ஆண்டைப் பதிந்தார்கள். பிறந்த ஆண்டு மட்டும் அச்சான அட்டைகளை நம் வீட்டுப் பெரியவர்கள் பலரிடம் பார்த்திருக்கிறோம். தேதி தெரியாத மனிதர்களும் வருவார்கள் என்று அங்கே யாரோ முன்கூட்டியே நினைத்திருக்கிறார்கள். அந்த அக்கா எனக்குச் சொல்லித்தந்ததும் இதுவே.

திரை வரையும் வேலை போய்விட்டது. அதில் மிஞ்சிய நேரம் முழுவதும் வரையறைக்குப் போக வேண்டும் என்கிறேன். இன்றைய ஸ்கீமா ஓரிரு தாளில் அடங்கிவிடுகிறது. அதை அச்சிட்டு எடுத்துக்கொண்டு, கவுன்ட்டரில் உட்கார்ந்து மக்களோடு பேசுகிறவரிடம் வரிவரியாக வாசித்துக் காட்டும்படி என்னிடம் வேலை கற்கும் பிள்ளைகளிடம் சொல்கிறேன். 'கட்டாயம்' என்று வரும் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, "இது இல்லாதவர் வந்தால் என்ன செய்வீங்க?" என்று கேட்க வேண்டும். அதற்கு அவரிடம் நல்ல பதில் இல்லையென்றால் அந்தக் 'கட்டாயம்' ஸ்கீமாவில் இருக்கக் கூடாது.