பாவம், அது ஒன்றுமே சாப்பிடவில்லை

வீட்டு நாய் ஒரு நாளில் என்ன சாப்பிடுகிறது என்பதை அதன் தட்டை மட்டும் பார்த்துக் கணக்கிட முடியாது. விடியற்காலையில் தாத்தா பிய்த்துப் போடும் மேரி பிஸ்கட், பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளை மேசைக்கடியில் கடத்தும் தோசை, மத்தியானம் அம்மா பிசைந்து வைக்கும் தயிர்சாதம், இரவில் "பாவம், அது ஒன்றுமே சாப்பிடவில்லை" என்று அப்பா பிரிக்கும் ரொட்டிப் பொட்டலம் எல்லாம் அதில் சேரும். தான் ஒருவர்தான் அதற்குச் சோறு போடுவதாக ஒவ்வொருவரும் நம்புகிறார். அந்த நம்பிக்கையை நாய் கெடுப்பதில்லை.

எடை கூடிவிட்டதா என்று அறியத் தராசு வேண்டாம். விலாவைத் தடவினால் அழுத்தாமலே எலும்பு தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். லாப்ரடாருக்கு இந்தச் சோதனை அவசியம். அந்த இனத்தின் பல நாய்களுக்குப் பசியைக் கட்டுப்படுத்தும் மரபணு ஒன்றில் சிறு பகுதி விடுபட்டிருப்பதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்டார்கள். ஆகவே, சாப்பிட்டு முடித்த ஐந்தாம் நிமிடம் அது காட்டும் பட்டினி முகத்தை நடிப்பு என்று சொல்வது அநியாயம். அதற்காக இன்னொரு வேளை போடுவதும் சரியல்ல.

ஓநாயைவிட நாய்க்கு மாவுச்சத்து நன்றாகவே செரிக்கும். சோறு கெடுதலில்லை, கோழியோ முட்டையோ இல்லாமல் சோறே கதி என்று விடுவதுதான் கெடுதல். வெங்காயமும் பூண்டும் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. எனவே சாம்பார் ஆகாது. திராட்சை சிறுநீரகத்தைப் பழுதாக்கும், உலர்ந்தாலும் அப்படியே, பாயசமும் போயிற்று. சாக்லேட் கேக்கில் நாய்க்கு நஞ்சாகும் தியோபுரோமின் இருக்கிறது. பிரியாணியில் வெந்த எலும்போ சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். வீட்டில் விசேஷம் என்றால் அன்று நாய்க்கு விரதம்.

சாப்பாட்டுக்கு அடுத்தது தடுப்பூசி; அது குட்டியின் 6 முதல் 8 வார வயதில் தொடங்குகிறது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் இருக்கும்வரை ஊசியை வேலை செய்யவிடாது. அது எப்போது குறையும் என்று சொல்ல முடியாததால் பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான ஊசிகளை 3, 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம்வரை போடுகிறார்கள். வெறிநோய்க்கு மூன்றாம் மாதம் ஊசி, பிறகு வருடாவருடம். "எங்கள் நாய் வாசல்படி தாண்டாது" என்று சொல்பவர்கள் உண்டு. உண்ணிக்கும் கொசுவுக்கும் எலிக்கும் அந்த விவரம் தெரியாது. உண்ணி எர்லிச்சியா காய்ச்சலையும், கொசு இதயப்புழுவையும் வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து கொடுக்கும். எலிக்காய்ச்சலுக்கு எலியின் சிறுநீர் கலந்த மழைத்தண்ணீர் போதும்.

பிறகு வீட்டு வைத்தியர். உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவுவது இவர் யோசனை; அது உண்ணியைவிட நாயைத்தான் வதைக்கும். நாய் நொண்டினால், தன் முழங்கால் வலிக்கு வாங்கிய இபுபுரோஃபனில் பாதி தருவார். அது வயிற்றில் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நாய்க்கான மருந்தை நாய் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

வெறிநோய் அறிகுறி தெரிந்தபின் நாயைக் காப்பாற்ற மருந்தில்லை. பிரிட்ஜ் மேல் கிடக்கும் ஊசி அட்டையை எடுத்து அடுத்த தேதியைப் பாருங்கள். பெரும்பாலும் அது போன மாதமாக இருக்கும்.