எந்த வருஷத்து வண்டி?

பண்ணைப்புரத்தில் பழைய புல்லட் வைத்திருப்பவருக்கு ஒரு உதிரிபாகம் தேவைப்பட்டால் கம்பமோ தேனியோ போக வேண்டும். அங்கும் இல்லையென்றால் மதுரை. எந்த ஊரானாலும் கல்லாவில் இருப்பவர் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: “எந்த வருஷத்து வண்டிண்ணே?” பார்வைக்கு நியாயமான கேள்வி. ஆனால் 2000-க்கும் 2010-க்கும் இடையில் சென்னை திருவொற்றியூர் என்ஃபீல்டு ஆலையில் பிறந்த புல்லட்டாக இருந்தால், இதற்கு உண்மையான பதிலைச் சொல்பவர் தவறான சாமானோடு வீடு திரும்புவார் என்பது என் கட்சி. பொய் சொன்னாலாவது சரியான சாமான் கிடைக்க ஒரு வாய்ப்பு உண்டு. மாறுதல் காலத்து வண்டியைப் பழுது பார்ப்பது கஷ்டம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்தக் கஷ்டத்தில் பெரும்பங்கு என்ஜினுக்குள் இல்லை, காலண்டரில் இருக்கிறது.

சட்டம் போடுகிறவர்களுக்கு வருஷம் என்பது கோடு கிழித்த மாதிரி சுத்தமான விஷயம். 2017 மார்ச் 29-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், ஏப்ரல் 1 முதல் பழைய பி.எஸ். 3 புகை விதிப்படி செய்த வண்டிகளை விற்கக் கூடாது என்றது. மிச்சமிருந்த இரண்டு நாளில் நாடு முழுக்க ஷோரூம்களில் தள்ளுபடித் திருவிழா நடந்தது. வண்டி வாங்கும் எண்ணமே இல்லாதவர்கள்கூட வாங்கிவிட்டு, வீட்டில் என்ன சொல்வது என்று யோசித்தபடி ஓட்டிப் போனார்கள். சட்டம் ஒரு ராத்திரியில் மாறும். தொழிற்சாலை அப்படி மாறாது. கிடங்கில் பழைய கியர் பாக்ஸ் இருக்கும். ஒப்பந்தம் போட்டவர் பழைய அச்சிலேயே அனுப்பிக்கொண்டிருப்பார். பழைய மாடலையே கேட்கும் வாடிக்கையாளரும் இருப்பார். பழைய புளி தீராமல் புதுப் புளிப் பானையைத் திறக்காத வீட்டின் சிக்கனம் கம்பெனிக்கும் உண்டு. அதனால் பெயர் ஒரு நாளில் மாறும், உள்ளே இருப்பது தவணை முறையில் மாறும். சில சமயம் பெயர் மட்டுமே மாறும். ஓசூர் டி.வி.எஸ்.காரர்களும் சுசுகியும் 2001-ல் பிரிந்தபோது ஃபியரோ வண்டியிலிருந்து சுசுகி என்ற சொல் இறங்கிப் போனது. வண்டி அதே ஃபியரோதான். புல்லட் இதற்கு நேர் எதிர்: பெயரைத் தொடாமல் மற்றதையெல்லாம் மாற்றிப் பார்த்த வண்டி.

அது பிறந்ததே இடைக்காலத்தில்தான். 1955-ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியபோது, இங்கிலாந்தின் ரெட்டிச்சிலிருந்து பாகங்கள் வந்தன, இங்கே பூட்டினார்கள். பிறகு அச்சுகளும் கருவிகளும் வந்தன. 1962 வாக்கில்தான் முழு வண்டியும் உள்ளூர்ச் சரக்கானது. இடைப்பட்ட ஆண்டுகளின் ஒவ்வொரு வண்டியும் கொஞ்சம் ரெட்டிச், கொஞ்சம் திருவொற்றியூர். அப்புறம் நாற்பது ஆண்டுகள் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லாமல் கழிந்தன. அந்த நிம்மதிக்கெல்லாம் சேர்த்து 2000-களில் வட்டி வசூலித்தார்கள். ஒரே காலத்தில் வார்ப்பிரும்பு என்ஜினும் விற்பனையில் இருந்தது, ஆஸ்திரியாவின் ஏ.வி.எல். நிறுவனத்தோடு சேர்ந்து வடிவமைத்த அலுமினிய என்ஜினும் இருந்தது. வலது காலால் கியர் மாற்றும் நான்கு கியர் வண்டியும் இருந்தது, இடது காலால் மாற்றும் ஐந்து கியர் வண்டியும் இருந்தது. மின்பொறிக்குப் பிளாட்டினம் பாயிண்ட் வைத்ததும் உண்டு, மின்னணு சி.டி.ஐ. வைத்ததும் உண்டு. மூன்று விஷயத்தில் இரண்டிரண்டு வழி என்றால் கணக்குப்படி எட்டு வகை புல்லட். கம்பெனி எட்டையும் செய்யவில்லை. செய்யாமல் விட்டதை நம் ஊர் மெக்கானிக்குகள் செய்து முடித்துவிட்டார்கள்.

இதில் வேடிக்கை, 350 புல்லட்டின் பழைய வார்ப்பிரும்பு என்ஜின், நடுவில் வந்த ஏ.வி.எல்., பிறகு என்ஜினும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டில் வந்த யு.சி.இ. ஆகிய மூன்றுக்கும் ஒரே அளவு: போர் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90, மொத்தம் 346 சிசி. காகிதத்தில் பார்த்தால் ஒரு பிஸ்டன் மூன்றுக்கும் பொருந்த வேண்டும். பொருந்தாது. இந்த வண்டிகளில் சிலவற்றில் அங்குலக் கணக்கு நட்டும் மில்லிமீட்டர் கணக்கு நட்டும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கும். அங்குல நட்டில் மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டால் முதல் தடவை கழன்றுவிடும், இரண்டாம் தடவை வழுக்கும், மூன்றாம் தடவை நட்டு உருண்டையாகி, உளியும் சுத்தியலும் வரும். உளி எந்த வருஷத்து வண்டிக்கும் பொருந்தும்.

“ஆர்.சி. புத்தகத்தில் தயாரித்த மாதமும் வருஷமும் போட்டிருக்கிறதே, சேஸ் நம்பர் இருக்கிறதே, அதைக் காட்டினால் தீர்ந்தது” என்று படித்தவர்கள் சொல்வார்கள். சேஸ் நம்பர் சேஸைப் பற்றித்தான் சொல்லும். வண்டியின் மற்ற பாகங்கள் அதற்குப் பிறகு எங்கெங்கே வாழ்ந்தன என்று அதற்குத் தெரியாது. என்ஜினை மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் சொல்லிப் பதிய வேண்டும். ஹெட்டையோ கியர் பாக்ஸையோ மாற்றினால் யாரிடமும் சொல்வதில்லை. நான்கு கை மாறிய புல்லட்டில் ஒரு பாகம் சென்னைப் புதுப்பேட்டைச் சந்தையில் வாங்கியது, ஒன்று லேத்தில் கடைந்தது, ஒன்று விபத்தில் போன இன்னொரு வண்டியின் சொத்து. 1996-ல் தேனி மாவட்டம் பிரியும் முன் வாங்கிய வண்டிகள் இன்றும் மதுரைப் பதிவெண்ணோடுதான் ஓடுகின்றன. இல்லாத மாவட்டத்துக்கு எப்படிப் பதிவார்கள்! பதிவெண்ணை வைத்து ஊரைச் சொல்ல முடியாத இடத்தில், வருஷத்தை வைத்து வாஷரைச் சொல்வது நடக்கிற காரியமா?

இதைவிடப் பலமான மறுப்பு ஒன்று உண்டு: “நல்ல மெக்கானிக்குக்கு வருஷமும் வேண்டாம், புத்தகமும் வேண்டாம், சத்தம் போதும்.” இளையராஜா பிறந்த பண்ணைப்புரத்தில் நின்றுகொண்டு காதைக் குறைத்துப் பேச எனக்குத் தைரியம் இல்லை. டப்பட் தட்டுகிறதா, செயின் உரசுகிறதா என்பதை நல்ல காது சொல்லிவிடும். ஆனால் டப்பட்டைச் சரிசெய்யும் வேலை கையுடையது. வார்ப்பிரும்பு புல்லட்டில் என்ஜின் ஆறியிருக்கும்போது புஷ்ராடை விரலால் உருட்டினால் லேசாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. யு.சி.இ. வந்ததும் ஹைட்ராலிக் டப்பட் வந்து அந்த விரலுக்கு வேலை இல்லாமல் போனது. அதோடு, காது நோயைச் சொல்லுமே தவிர மருந்துச் சீட்டு எழுதித் தராது. கடைக்காரர் கேட்பது சத்தத்தையும் இல்லை. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் எந்தப் பதிலும் சொல்லாமல், பழைய பாகத்தைக் கழற்றி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போய்க் கல்லாமேல் வைக்கிறார்கள். சாம்பிளுக்கு வருஷம் கிடையாது, அளவு உண்டு. இந்தத் துறையில் நான் அறிந்த ஒரே விஞ்ஞான முறை இதுதான். கஷ்டம் என்னவென்றால், சாம்பிள் கடைக்குப் போக பஸ் பிடிக்க வேண்டும். வண்டிதான் கழன்று கிடக்கிறதே.

கால் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். வலது கியர், இடது பிரேக் பழகியவர் அடுத்த வகை புல்லட்டை இரவல் வாங்கிப் போடிமெட்டு மலைச் சாலையில் இறங்கினால், கொண்டை ஊசி வளைவில் பிரேக் என்று நினைத்து மிதிப்பது கியரை. வருஷம் பார்த்து ஓட்டினாலும் காப்பாற்றாது, ஏனென்றால் இரண்டும் ஒரே வருஷத்தில் வந்திருக்கலாம். ஏறும் முன் குனிந்து பார்ப்பதுதான் வழி. புல்லட்காரர் பெருமையாக உட்கார்ந்திருப்பதை ஊர் பார்த்திருக்கிறது. குனிந்து பெடலைத் தேடுவதையும் பார்க்கட்டும்.

கடைசியாக, “இவ்வளவு தொல்லை எதற்கு, விற்றுவிட்டுப் புது வண்டி வாங்கலாமே” என்பவர்கள். இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் வாழைத்தாரும் மாட்டுத் தீவனமும் சுமக்கும் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.-ஐப் பார்த்துவிட்டு அவர்கள் பேச வேண்டும். 2015-ல் அது இரண்டு ஸ்ட்ரோக்கிலிருந்து நான்கு ஸ்ட்ரோக்குக்கு மாறியது, பி.எஸ். 6 விதி வந்து 2020-ஐ ஒட்டிக் கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் ஏறியது. இடையில் வந்த எக்ஸ்.எல். 100, நான்கு ஸ்ட்ரோக் என்ஜினும் கார்புரேட்டரும் சேர்ந்தது. முன்னதிலும் சேராது, பின்னதிலும் சேராது. இன்று புதிது என்று வாங்குகிற வண்டியும் அடுத்த விதி வந்தால் இப்படித்தான் நடுவில் நிற்கும். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. புல்லட்டின் புஷ் தேய்ந்தால் உத்தமபாளையத்து லேத்தில் கடைந்து வாங்கலாம், சென்சார் போனால் எந்த லேத்தும் கடைந்து தராது. அன்றைக்கும் பழையதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போகலாம்தான். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். தேய்மானம் வெளியே தெரியாத சாமானை எவ்வளவு நேரம் பார்க்க முடியும்? அப்புறம் அவர் கேட்கப்போவது, எந்த வருஷம், எந்த மாசம் என்பதோடு நிற்காது. எந்த சாஃப்ட்வேர் என்றும் கேட்பார்.