மலிவுச் சாணையின் விலை

உளி தீட்ட ஸ்வீடனின் டார்மெக் டி-8 என்ற சாணை இருக்கிறது: 250 மி.மீ. கல், நிமிடத்துக்கு 90 சுற்று, தண்ணீரில் குளித்தபடியே. சாதாரண மேசைச் சாணை 3,000 சுற்றை நெருங்கும். அசந்தால் எஃகு நீலம் பாய்ந்து பதம் போய்விடும். டார்மெக்கில் உளி சூடாகாது. விலையைக் கேட்டவருக்குத்தான் சூடு.

ஆகவே, அதே சாயலில் ஒரு மலிவு இயந்திரம். அதன் கல் லேசாகத் தள்ளாடும்; சமப்படுத்த வைரமுனைக் கருவி தேவை. கூட வந்த உளிப்பிடி நெளியும். அதனாலென்ன, பிடியைத் தாங்கும் தண்டு 12 மி.மீ. என்றால் டார்மெக்கின் பிடியையே தனியாக வாங்கி மாட்டலாம். மிச்சம் பிடித்த பணம் இப்படியே தவணை முறையில் ஸ்வீடன் போய்ச் சேரும்.

நுனி உடைந்த உளியை 90 சுற்றில் சரிசெய்ய உட்கார்ந்தால் பொழுது போய்விடும், முக்காலி செய்ய நேரமிருக்காது. கவலையில்லை. பலர் இந்தச் சாணையை வாங்குவது முக்காலிக்காக அல்ல, முன்கை ரோமத்தை மழித்துக் காட்ட.