அறிவுரைக்கு அனுமதி இல்லை

பி.எஸ்சி. நர்சிங் முடித்த கையோடு மனநலப் பிரிவில் சேரப்போகிறேன் என்றதும் மாமா கேட்டார்: "உன் கையில இருக்கிறது அப்பாயின்ட்மென்ட் ஆர்டரா, அட்மிஷன் சீட்டா?" சித்தப்பா, "கீழ்ப்பாக்கமா?" என்றார். நான் சேர்ந்தது மதுரைப் பக்கம். ஆனாலும் மனநலம் என்றால் நம்மவர்களுக்குக் கீழ்ப்பாக்கம்தான். 1794இல் தொடங்கிய அந்த மருத்துவமனை 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறியது. நம் சினிமா காமெடி அதற்குப் பிறகு இடம் மாறவே இல்லை.

அம்மாவின் கவலை வேறு. "மாப்பிள்ளை வீட்டுல என்னன்னு சொல்றது?" நெடிய ஆலோசனைக்குப் பிறகு 'நரம்பு டிபார்ட்மென்ட்' என்று முடிவானது. கல்லூரி அக்காக்களோ, "முதல்ல ஜெனரல் வார்டுல இருடி, இல்லன்னா ஊசி போடுறதே மறந்துடும்" என்று பயமுறுத்தினார்கள்.

உண்மையில் மறக்க வேண்டியது ஊசியை அல்ல, வாயை. நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்று எங்கள் பாடப் புத்தகத்தில் ஓர் அத்தியாயமே உண்டு. அறிவுரை சொல்லாதே. 'ஏன்' என்று குடையாதே. 'கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்' என்று பொய்த் தைரியம் கொடுக்காதே. 'எங்க பெரியம்மாவுக்கும் இப்படித்தான்' என்று உன் கதையை எடுக்காதே. இவ்வளவையும் கழித்துவிட்டால் தமிழில் மிச்சமிருப்பது 'சாப்டீங்களா?' ஒன்றுதான். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தும்மினால்கூட வைத்தியம் சொல்லி இறங்கும் பரம்பரையில் வந்தவளைச் சும்மா உட்கார்ந்து கேள் என்றால்? நல்லவேளை, அந்த ஒரு கேள்விக்கு வார்டில் மரியாதை உண்டு. சாப்பாடும் தூக்கமும் கெடுவதுதான் பல சமயம் நோய் திரும்புவதற்கு முதல் அறிகுறி.

வார்டில் எனக்கு உண்மையான பயிற்சி கொடுத்தவர் அங்கே சிகிச்சையில் இருந்த ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். துப்பட்டாவும் தொங்கும் சங்கிலியும் கூடாது, கதவுக்கும் உனக்கும் நடுவில் யாரும் வராதபடி நில் என்றெல்லாம் சீனியர் சிஸ்டர் சொல்லித்தந்தார். மாத்திரை டிராலியோடு நான் முதல் கட்டிலை நெருங்கியதும் வாத்தியார் வைவா ஆரம்பித்தார். "மாத்திரை கொடுத்ததும் என்ன செய்வீங்க?" வாயைத் திறக்கச் சொல்லுவேன். "அப்புறம்?" நாக்கைத் தூக்கச் சொல்லுவேன். "மேல் கன்னம்? முழுங்காத மாத்திரை அங்கதானம்மா குடியிருக்கும்!" சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்பூன் எண்ணுவதும் அவர் மேற்பார்வையில்தான். எண்ணிக்கை சரியாக வந்தாலும் திரும்ப எண்ணச் சொல்வார். கணக்கு என்றால் சரிபார்க்க வேண்டுமாம்.

ஒரு நாள் இரவு, புதிதாகச் சேர்ந்திருந்த பையனுக்குக் கழுத்து ஒரு பக்கமாக முறுக்கி, கண் இரண்டும் மேலே செருகிக்கொண்டது. கூட இருந்த அவன் அம்மா, "சாமி திரும்ப வந்துருச்சு!" என்று விபூதிப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார். எனக்கும் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. சீனியர் சிஸ்டர் கேஸ் ஷீட்டைப் புரட்டினார், டூட்டி டாக்டருக்குப் போன் போட்டார், அவர் சொன்னபடி ஒரு ஃபெனர்கன் ஊசி. "ஹாலோபெரிடாலோட பக்கவிளைவும்மா. சாமியா இருந்தா ஃபெனர்கனுக்கு இறங்குமா?" கொஞ்ச நேரத்தில் பையன் கழுத்தை நேராக்கித் தண்ணீர் கேட்டான். அந்த அம்மா சிஸ்டர் நெற்றியில் விபூதி பூசினார். எதற்கும் இருக்கட்டும் என்று ஊசி டிரேயிலும் ஒரு சிட்டிகை போட்டார்.

பார்க்க வரும் சொந்தக்காரர்களில் பாதிப்பேர் காதோரம் வந்து, "கரண்ட் வைப்பீங்களா?" என்பார்கள். மயக்க மருந்து இல்லாமல் அதைக் கொடுப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டமே தடை செய்திருக்கிறது என்று சொன்னால் முகத்தில் ஏமாற்றம் தெரியும். சினிமாவில் அப்படி இல்லையே!

மீதிப்பேர் உப்புக் கட்சி. 1949இல் ஆஸ்திரேலியாவின் ஜான் கேட் மன எழுச்சி நோய்க்குப் பயன்படும் என்று காட்டிய லித்தியம் இன்றும் எங்கள் டிராலியில் இருக்கிறது. ரத்தத்தில் அதன் அளவு வழக்கமாக 0.6 முதல் 1.2க்குள் நிற்க வேண்டும். உடம்பில் உப்பும் தண்ணீரும் திடீரென்று குறைந்தால் அளவு ஏறி, கை நடுக்கம், வாந்தி என்று கிளம்பும். ஊரே உப்பைக் குறை என்று சொல்லும்போது, "நீங்களா குறைக்காதீங்க" என்று கெஞ்சும் வார்டு எங்களுடையது. பெரியம்மாக்கள் கேட்டால்தானே? "உப்புதாம்மா எல்லாத்துக்கும் காரணம்" என்று உப்பில்லாக் கஞ்சியோடு வந்து நிற்பார்கள்.

இப்படியே பழகிப் பழகி வாய் கட்டுப்பட்டுவிட்டது. போன வாரம் வீட்டில் அம்மா, வளைகாப்பில் அத்தை தன்னை மதிக்காததை ஆதியோடு அந்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் குறுக்கே பேசவில்லை. லேசாக முன்னால் சாய்ந்தேன். தலையாட்டினேன். முடித்ததும் மெதுவாக, "உங்களுக்கு அது ரொம்ப வருத்தமா இருந்திருக்கு" என்றேன். பிறந்ததிலிருந்து அம்மாவை 'நீ' என்றே பேசிப் பழகியவள்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "நாளைக்கு டூட்டிக்குப் போறப்ப, உங்க டாக்டர்கிட்ட உன்னையும் ஒருதரம் காட்டிட்டு வந்துரு."