பொறுப்பை அள்ளித் தரும் வள்ளல்

பொறுப்பைப் பகிர்ந்து கொடுக்கத் தெரியாத மேலாளர்களைப் பற்றி ஊரெல்லாம் புலம்பல். திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனிக்கு அந்தக் குறை கிடையாது. எங்கள் மேலாளர் பொறுப்பை அள்ளிக் கொடுப்பார். அதிகாரத்தை மட்டும், சின்னஞ்சிறுசுகள் சுமந்தால் தோள் வலிக்குமே என்று தாமே வைத்துக்கொள்வார்.

போன ஆர்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். "இது முழுக்க உங்க ஆர்டருங்க தம்பி. நான் தலையிடவே மாட்டனுங்க" என்று மெர்ச்சண்டைசரிடம் ஒப்படைத்தார். சொன்ன சொல் தவறவில்லை. மத்தியானம் வரை தலையிடவேயில்லை. பிறகு நூல் எந்த மில், சாயம் எந்தப் பட்டறை, பட்டனுக்கு எத்தனை துளை என்பதை மட்டும் தாம் முடிவுசெய்தார். லேப் டிப் என்னும் சாய மாதிரி வந்தது. பையரே சம்மதித்துவிட்ட நீலத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "லேசாப் பச்சை அடிக்குதுங்க" என்று பட்டறைக்கே திருப்பி அனுப்பினார். வாங்குபவன் கண்ணுக்கே படாத குறையைக் காணும் பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

இன்னாருக்கு இன்ன வேலை என்று ஆராய்ந்து, அவரிடமே விட்டுவிடச் சொல்லித் 'தெரிந்து வினையாடல்' என்று ஓர் அதிகாரமே பாடினார் வள்ளுவர். விட்ட பிறகு மணிக்கொரு தரம் வாட்ஸ்அப்பில் "என்னாச்சுங்க?" என்று கேட்கும் வசதி, பாவம், அவர் காலத்தில் இல்லை. 1974-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் ஆங்கனும் வாஸும், ஊழியர் தோளிலுள்ள பொறுப்பு என்னும் குரங்கு மேலாளர் தோளுக்குத் தாவிவிடுகிறதே என்று கவலைப்பட்டு எழுதினார்கள். எங்களவருக்கு அந்தக் கவலையும் இல்லை. குரங்கு எங்கள் தோளில், கயிறு அவர் கையில்.

இளையவர்களை வளர்ப்பதிலும் அவருக்கு நிகரில்லை. சம்பளம் தள்ளிப்போகும் என்று டெய்லர்களிடம் சொல்வது, பாக்கி கேட்டு வரும் பட்டறைக்காரரைச் சமாளிப்பது போன்ற அரிய பயிற்சிகள் எங்களுக்கே. பையரோடு ஹோட்டலில் சாப்பிடும் சுமையைத் தாம் ஏற்றுக்கொள்வார்.

நீலம் ஒருவழியாகத் தேறி, தைத்து முடிப்பதற்குள் தூத்துக்குடியில் கப்பல் கிளம்பிவிட்டது. சரக்கு விமானத்தில் போனது. லாபமும் கூடவே பறந்தது. முதலாளி எழுத்தில் விளக்கம் கேட்டார். ஊசி வாங்கும் சீட்டைக்கூடத் தம் கையெழுத்தின்றி வெளியே விடாத எங்கள் மேலாளர், அந்த விளக்கக் கடிதத்தில் ஒரு வரிகூடத் திருத்தாமல், மெர்ச்சண்டைசர் கையெழுத்தே போதும் என்று பெருந்தன்மையோடு மேலே அனுப்பிவைத்தார்.